ஒன்டாரியோவில் முதல் வீடு: எலக்ட்ரீஷியனிடம் கேள்வி பதில்

பதினேழு ஆண்டுகளாகக் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் டொராண்டோ நகரப் பகுதியான ஸ்கார்பரோவில் குடியிருக்கிறேன். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன். குடும்பத்தோடு புதிதாக வருபவர்கள் வீடு, வாடகை, குளிர், மின்சாரம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். விசாவைப் பற்றிக் கேட்டால் ஒரு வரிதான் பதில் வரும், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, அடுத்த மாதம் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் வருகிறேன். இணையத்தில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. இரண்டு மாத வாடகையும் ஒரு மாத டேமேஜ் டெபாசிட்டும் இப்போதே அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்கிறார் உரிமையாளர். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் தம்பி. வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

நான் கொடுத்தேன். வந்த வருடம் படங்களைப் பார்த்து மயங்கி முன்பணம் கட்டினேன். நான்கு பெட்டிகளுடன் போய் அழைப்புமணியை அடித்தால், கதவைத் திறந்த பெரியவர்தான் உண்மையான உரிமையாளர். வீட்டை வாடகைக்கு விடும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. யாரோ அவர் வீட்டின் படங்களை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பனியில் நடுங்கிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். பணம் போனது போனதுதான்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் டெபாசிட்டாகக் கேட்கக்கூடியது ஒரே ஒரு மாத வாடகை. அதையும் நீங்கள் காலி செய்யும் கடைசி மாதத்தின் வாடகையாகத்தான் கழிக்க வேண்டும். சேதத்துக்கு என்று தனியாக டெபாசிட் வாங்குவது சட்டவிரோதம். சாவிக்கு வாங்கலாம், ஆனால் புதுச் சாவி செய்ய ஆகும் செலவுக்கு மேல் கூடாது, திருப்பியும் தர வேண்டும். 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு மாகாண அரசின் பொது ஒப்பந்தப் படிவம் கட்டாயமாகிவிட்டது. அதைத் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். கேட்டால் அவர் தந்தே ஆக வேண்டும். முதல் இரண்டு வாரம் உறவினர் வீட்டிலோ தற்காலிக அறையிலோ சமாளித்துக்கொண்டு, நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: என் கணவருக்கு ஒர்க் பெர்மிட். எனக்கும் கிடைக்குமா?

பதில்: உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகரைக் கேளுங்கள் அம்மா, அவர் பெயர் ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பின் (‘காலேஜ்’ என்பார்கள், படிக்கும் கல்லூரி அல்ல) பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: மிக்ஸி, டேபிள்டாப் கிரைண்டர் இரண்டையும் கொண்டுவரலாமா? பிளக் மாற்றும் அடாப்டர் வாங்கிவிட்டேன்.

பதில்: இந்தக் கேள்வி வரும் என்று காலையிலிருந்தே காத்திருந்தேன்.

அடாப்டர் பின்னின் வடிவத்தை மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அடாப்டரைச் செருகி மிக்ஸியைப் போட்டால் முனகும், தேங்காய்ச் சில்லில் சிக்கி நிற்கும், சூடாகும். வோல்ட்டை ஏற்றித் தரும் ஸ்டெப்அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், ஏனென்றால் மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரம் மிக அதிகம். அது கருங்கல் மாதிரி கனக்கும். கையடக்கமாக, எடையே இல்லாமல் ‘1600 வாட் கன்வெர்ட்டர்’ என்று விற்பார்கள். அது இஸ்திரிப்பெட்டி மாதிரிச் சூடாக்கும் பொருள்களுக்கு. மோட்டாருக்குப் போட்டால் இரண்டும் கெடும்.

வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் பார்த்துக்கொள்ளும். ஹெர்ட்ஸை அது தொடவே தொடாது. மிக்ஸிக்கு அதனால் கவலையில்லை, உள்ளே இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். கிரைண்டரில் பெரும்பாலும் இண்டக்ஷன் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பதே ஹெர்ட்ஸ்தான். 50-க்குப் பதில் 60 என்றால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடும். என் யோசனை: மிக்ஸியைக் கொண்டுவாருங்கள், கிரைண்டரை விட்டுவிட்டு வாருங்கள். இங்குள்ள மின்சாரத்துக்கு ஏற்ற, 110 வோல்ட் என்று எழுதிய கிரைண்டர் இங்கேயே கிடைக்கிறது. செல்போன், மடிக்கணினி சார்ஜர்களில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் அவற்றுக்கு அடாப்டரே போதும்.

கேள்வி: நான் மின்பொறியாளர். ஹெர்ட்ஸ் விஷயத்தில் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் வீட்டில் ஊர்க் கிரைண்டர் மூன்று வருடமாக ஓடுகிறது. 240 வோல்ட்டை 60 ஹெர்ட்ஸில் கொடுத்தால் மோட்டாரின் காந்தப்புலம் குறையுமே தவிரக் கூடாது. எப்படி எரியும்?

பதில்: எரியும் என்று நான் எங்கே சொன்னேன்? காந்தப்புலக் கணக்கு சரிதான் ஐயா. ஆனால் காந்தப்புலம் குறைந்தால் இழுவைத் திறனும் குறையும், கல்லோ வேகமாகச் சுற்றும். கெட்டியான உளுந்தில் மோட்டார் திணறுவது அதனால்தான். உங்களுடையது மூன்று வருடம் ஓடியது சந்தோஷம். புகை வந்த கிரைண்டர்களை என் கையால் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள். வேகம் கூடினால் மாவு சூடாகிப் பொங்காமல் போகும், அதைச் சொல்லுங்கள். என் மாவு இங்கே வந்ததிலிருந்து புளிக்கவே இல்லை.

பதில்: அக்கா, அந்தப் பழியைக் கிரைண்டர் மீது போடாதீர்கள். வீட்டுக்குள் 20 டிகிரி இருந்தால் மாவு எப்படிப் பொங்கும்? பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிடுங்கள். பழைய குண்டு பல்பு என்றால் அந்தச் சூடே போதும், காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். எல்இடி விளக்கு என்றால் பயனில்லை, விடிய விடிய வெளிச்சம் மட்டும்தான் கிடைக்கும். உள்ளே மாவு இருப்பதை ஒரு சீட்டில் எழுதி ஓவன் கதவில் ஒட்டுங்கள். மறந்துபோய் யாராவது ஓவனைப் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் நடந்தது, போட்டது நான்.

கேள்வி: துணி உலர்த்தும் டிரையருக்கு 240 வோல்ட் பாயிண்ட் இருக்கிறதே. டிரான்ஸ்ஃபார்மர் செலவு இல்லாமல் கிரைண்டரை அதில் மாட்டலாமா?

பதில்: கூடாது. கூடாது என்று பெரிய எழுத்தில் வாசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் ஒரு கம்பியில் மின்சாரம், மற்றது நியூட்ரல். இங்கே 240 என்பது தலா 120 வோல்ட் உள்ள இரண்டு உயிருள்ள கம்பிகள். ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் ஸ்விட்சுதான் உங்கள் கிரைண்டரில் இருக்கும். அணைத்த பிறகும் உள்ளே 120 வோல்ட் நிற்கும். கிரைண்டரைக் கழுவும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். டிரையரின் பிரேக்கர் 30 ஆம்பியர். கிரைண்டரின் ஒல்லியான வயர் கருகி முடிந்தாலும் அது விழாது. ஹெர்ட்ஸும் அதே 60தான். வாடகை வீட்டில் யாரோ தெரிந்தவரைக் கூப்பிட்டுப் புதுப் பாயிண்ட் போடவும் செய்யாதீர்கள். கூலிக்கு மின்வேலை செய்ய உரிமம் வேண்டும், மின் பாதுகாப்பு ஆணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: தாளித்தாலே அலாரம் அலறுகிறது. பிளாஸ்டிக் பையால் மூடிவைக்கலாமா?

பதில்: புகை அலாரத்தை முடக்குவது குற்றம், அபராதம் உண்டு. ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் அது இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்.

அடுப்புக்கு மேல் உள்ள ஃபேன் புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டித் திரும்ப உங்கள் முகத்திலேயே ஊதுகிறதா என்று முதலில் பாருங்கள். பல வாடகை வீடுகளில் இரண்டாவது வகைதான். ஊதினால் எண்ணெயைக் காயவைக்கும் முன்பே ஜன்னலைத் திறந்துவிடுங்கள். இங்குள்ள கண்ணாடிப் பரப்பு வைத்த மின்அடுப்பு நம் கேஸ் அடுப்பு மாதிரி சட்டென்று அடங்காது. அணைத்த பிறகும் சூடு இருக்கும், மிளகாய் கருகிக்கொண்டே போகும். கடுகு வெடித்ததும் வாணலியை இறக்கிவிட்டு மிளகாயைப் போடுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் புகை போகட்டும் என்று வாசற்கதவைத் திறந்துவிடாதீர்கள். அப்படி ஒருமுறை என் மனைவி திறந்தபோது தாழ்வாரத்து அலாரம் அடித்து, பன்னிரண்டு மாடிக்காரர்களும் பனியில் போய் நின்றார்கள். எங்கள் ரசத்தின் புகழ் அன்றைக்குக் கட்டடம் முழுவதும் பரவியது.

கேள்வி: மருத்துவக் காப்பீட்டுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமா?

பதில்: ஒன்டாரியோவில் அந்தக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். வந்தவுடன் விண்ணப்பிக்க மாகாண அரசின் சர்வீஸ் ஒன்டாரியோ அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: ஐயா, பேஸ்மெண்ட் வீடு வாடகை குறைவாக இருக்கிறது. கைக்குழந்தை இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் போய்ப் பார்த்துவிட்டு. தீப்பிடித்தால் மாடிப்படி தவிர வேறு எந்த வழியாக வெளியேறுவீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஆள் நுழையும் அளவுக்கு ஜன்னல் இல்லையென்றால் வேண்டாம். வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்கு அருகே, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் கட்டாயம். அதன் பட்டனை நீங்களே அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

பிறகு தெர்மோஸ்டாட், வீட்டுச் சூட்டை ஏற்றி இறக்கும் கருவி. பெரும்பாலும் அது மேல்தளத்தில் வீட்டுக்காரர் கையில் இருக்கும். மேலே அவருக்கு வேர்க்கும், கீழே உங்கள் குழந்தைக்கு மூக்கு ஒழுகும். மாகாண விதிப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீட்டுக்குள் குறைந்தது 20 டிகிரி இருக்கும்படி அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சின்ன வெப்பமானி வாங்கி மாட்டுங்கள். குறைந்தால் தேதி நேரத்தோடு படம் எடுத்து, எழுத்தில் அனுப்புங்கள். வாய்ச்சண்டை எதற்கும் உதவாது, வாடகைத் தீர்ப்பாயத்தில் காகிதம்தான் பேசும்.

கேள்வி: நேரில் பார்க்காமல் டெபாசிட் அனுப்பலாமா? உரிமையாளர் மிகவும் நல்லவராகத் தெரிகிறார்.

பதில்: முதல் பதில். என்னிடம் பேசியவரும் நல்லவராகத்தான் தெரிந்தார்.

கேள்வி: மிக்ஸி கொண்டுவரலாமா?

பதில்: மேலே.

கேள்வி: பிரஷர் குக்கர்?

பதில்: அதற்கு வோல்ட் கிடையாது. கொண்டுவாருங்கள், அடி தட்டையாக இருக்கட்டும்.

கேள்வி: அண்ணா, டிசம்பரிலிருந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே ஷாக் அடிக்கிறது. குழந்தை பயந்துபோய்க் கதவையே தொடுவதில்லை. வயரிங்கில் கோளாறா?

பதில்: இல்லை அம்மா, நிலைமின்சாரம். குளிர்காலக் காற்று ஃபர்னஸில் சூடாகும்போது இன்னும் வறண்டுவிடும். கம்பளத்தில் காலைத் தேய்த்து நடந்தால் உடம்பில் மின்னூட்டம் ஏறி, உலோகத்தைத் தொட்டதும் ‘டப்’ என்று இறங்குகிறது. ஆபத்தில்லை. ஹியூமிடிஃபையர் வைத்து ஈரப்பதத்தை 30 முதல் 40 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து வழிந்தால் அதிகமாகிவிட்டது என்று பொருள், குறையுங்கள். பிள்ளையிடம் ஒரு சாவியைக் கொடுத்து, முதலில் அதன் நுனியால் கைப்பிடியைத் தொடச் சொல்லுங்கள். பொறி சாவிக்குப் போய்விடும், விரலில் உறைக்காது. இருட்டில் செய்து காட்டினால் அந்த நீலப் பொறி தெரியும். அப்புறம் அவன் கதவை விட்டு நகரமாட்டான்.