கொசு மருந்துக்குக் கொசு சாகாதது ஏன்? கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டில் மறுபடியும் டிங்கிக் காய்ச்சல். கொசுவுக்கு மருந்துச் சோதனை செய்யும் கூடத்தில் ரொம்ப காலம் வேலை பார்த்தவன் என்பதால் எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்கள் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

கே: ஃபோகிங் புகை அடித்த மறுநாளே கொசு கடிக்கிறது, ஐயா. மருந்துக்குப் பழகிவிட்டதா?

பழகவில்லை அம்மா. கூட்டத்தில் இரண்டொன்று பிறக்கும்போதே வேறு மாதிரி பிறக்கும். மற்றதெல்லாம் செத்தபின் முட்டையிட மிஞ்சுவது அதுதான். நம் வெயிலில் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். வருஷத்துக்கு எத்தனை தலைமுறை என்று கணக்குப் போடுங்கள்.

ஃபோகிங்கில் பைரெத்ராய்டு வகைப் பூச்சி மருந்து என்றால், அது கொசு நரம்பில் சோடியம் நுழையும் வாசலைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொள்ளும். நரம்பு ஓயாமல் துடிக்கும், கொசு விழும். அந்த வாசல் புரதத்தில் 1016ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் கிளைசினோ, 1534இல் ஃபினைல்அலனினுக்குப் பதில் சிஸ்டீனோ இருந்தால் மருந்துக்குச் சரியான பிடி கிடைக்காது. டிங்கியைப் பரப்பும் மலேசிய ஏடிஸ் கொசுவில் இரண்டையும் கண்டிருக்கிறார்கள். இன்னொரு வழி பி450 என்ற நொதிகள். மருந்து நரம்புக்குப் போய்ச் சேருமுன்பே உடைத்துப் போட்டுவிடும்.

சோதனைக் குழாயில் 25 பெண் கொசுக்களை ஊதி விடுவோம். உள்ளே மருந்துத் தாள், ஒரு மணி நேரம். மல்லாந்து கிடந்து காலை உதைக்கும், எல்லாம் போச்சு என்று தோன்றும். மறுநாள் வந்து பார்த்தால் பாதி எழுந்து உட்கார்ந்து சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். நூற்றுக்கு 90க்குக் குறைவாகச் செத்தால் எதிர்ப்பு வந்துவிட்டது என்பது உலகச் சுகாதார நிறுவனக் கணக்கு.

கே: செம்பனைக்கு அடிக்கும் பூச்சி மருந்து இருக்கிறது. டீசலில் கலந்து வீட்டில் அடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கொசு தப்பினாலும் தப்பும், உங்கள் பிள்ளைகள்தான் அகப்படுவார்கள்.

கே: கொசுவத்தி இரண்டாக ஏற்றினால்?

அதிலும் பெரும்பாலும் பைரெத்ராய்டுதான். இருமல்தான் கூடும்.

கே: பழகவில்லை என்கிறீர்கள். என் தாத்தா முதலில் ஒரு மங்கு கள்ளுக்கே சாய்ந்தவர். பிறகு மூன்று மங்கு குடித்துவிட்டு நேராக நடந்தார். அது பழக்கம் இல்லையா?

பழக்கம்தான் தம்பி. தாத்தா ஈரலிலும் பி450 குடும்பத்து நொதி உண்டு, குடிக்கக் குடிக்கக் கூடும். ஆனால் அவர் குடித்தார் என்பதற்காக உங்களுக்கு முதல் மங்கில் தலை சுற்றாமல் இருக்குமா?

கே: அப்படியென்றால் மருந்து பட்டால் கொசுவுக்கும் நொதி கூடுமல்லவா?

கூடும். நியாயமான கேள்வி, மேலே கொஞ்சம் அடித்துப் பேசிவிட்டேன். சாகாத அளவு மருந்து பட்டால் சில நொதிகள் ஏறும், ஆனால் அது பெரும்பாலும் அந்தக் கொசுவோடு போய்விடும். லயம் லயமாக, வீடு வீடாகப் பரவுவது வேறு. நொதிக்கான மரபணு ஒன்றுக்குப் பலவாகப் பெருகியோ, மருந்தே படாமல் எந்நேரமும் மும்முரமாக ஓடியோ பிறந்த கொசு, அதை அப்படியே பிள்ளைக்குக் கொடுக்கும்.

கே: தாத்தா 84 வயது வரை இருந்தார், ஐயா.

சந்தோஷம். கள்ளைப் பற்றி வேறு ஆளைக் கேளுங்கள்.

கே: டிங்கிக்குப் பப்பாளி இலைச் சாறு?

கிளினிக்குக்குப் போய் ரத்தம் சோதியுங்கள். நான் கொசுக்காரன்.

கே: மருந்தை மாற்றி மாற்றி அடித்தால்?

உதவும். மாலத்தியான் என்ற வேறு வகை மருந்து சோடியம் வாசலைத் தொடாது, நரம்புச் சேதி கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத்தான் முடக்கும். அதற்கும் எதிர்ப்பு வரும், அது தனிக் கதை. ஆனால் எந்தப் புகையும் பறக்கும் கொசுவுக்குத்தான். கவிழ்க்காத ரப்பர் பால் மங்கில் நெளியும் கொசுப் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, அதற்கு பிடிஐ பாக்டீரியா மருந்து இருக்கிறது. அப்புறம், ஃபோகிங் வரும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்கிறீர்களே, ஏடிஸ் உள்ளே அலமாரித் துணிக்குள் நிம்மதியாக இருக்கிறது. செம்பனை மருந்து மாற்று மருந்து அல்ல, யாரும் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன்.

கே: ஃபோகிங் அடித்தும் கடிக்கிறதே, பழகிவிட்டதா?

முதல் பதிலைப் பாருங்கள்.

கே: செம்பனை மருந்தில் பாதி அளவு மட்டும்?

கால் அளவும் வேண்டாம்.