எக்கோ நார்மல்தானே, அப்புறம் எதுக்கு எம்.ஆர்.ஐ?

ஃபாப்ரிங்கற பரம்பரை நோய் இருக்கு, எக்கோ நார்மல், இருந்தும் இதயத்துக்கு எம்.ஆர்.ஐ எழுதிக் கொடுத்திருக்காங்களேன்னு கேட்டு லெட்டர் போட்டிருக்கீங்க. அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். லெட்டரோட கடைசியில போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க பாருங்க, போன மாசம் மாடிப்படி ஏறும்போது நெஞ்சு படபடன்னு அடிச்சு கண்ணு இருட்டி விழுந்துட்டேன், லோ பிரஷரா இருக்கும்னு உப்பு போட்டு எலுமிச்சை ஜூஸ் குடிச்சேன்னு. ஜீன் டெஸ்ட்ல ஃபாப்ரி நோய்னு உறுதியான ஒருத்தர் இதை ஜூஸ் குடிச்சு முடிச்சுக்கக் கூடாதும்மா. படபடப்போட வர்ற மயக்கம்னா இதயத் துடிப்புல கோளாறு இருக்கான்னு பாத்தே ஆகணும். நாளைக்கே இதய டாக்டர்கிட்ட இதைச் சொல்லுங்க, ஈசிஜி எடுக்கணும், நாள் முழுக்கத் துடிப்பைப் பதியற ஹோல்ட்டர் கருவி மாட்டணும், திரும்ப மயங்கினா நேரா எமர்ஜென்சி. அதுவரைக்கும் ஸ்கூட்டியைத் தொடாதீங்க.

எம்.ஆர்.ஐ எழுதிக் கொடுத்தது ஸ்கேன் சென்டர் கமிஷனுக்கான்னு கேக்குறீங்க. கமிஷன் வாங்குறவங்க இல்லவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா இந்த நோய்க்கு அது கேக்க வேண்டிய ஸ்கேன்தான். ஃபாப்ரில ஒரு என்சைம் குறையறதால ஒரு வகைக் கொழுப்பு செல்லுக்குள்ளயே தங்கிடுது, இதயத் தசையிலயும்தான். எக்கோல சுவர் தடிச்சிருக்கான்னு தெரியும், உள்ள என்ன சேந்திருக்குன்னு தெரியாது. எம்.ஆர்.ஐல டி1 மேப்பிங்னு தசையோட தன்மையை நம்பரா அளக்கற முறை ஒண்ணு இருக்கு, கொழுப்பு சேந்த தசையில அந்த டி1 அளவு குறையும், சுவர் தடிக்கறதுக்கு முன்னாடியே சில பேருக்குக் குறைஞ்சிருக்கும். இரும்புச்சத்து சேருற நோயை விட்டா, மத்த இதயத் தசை நோய்ல பெரும்பாலும் அது அதிகமாகத்தான் செய்யும். அப்புறம் ஊசி வழியா டை ஏத்தி எடுக்கறப்போ தசையில இருக்கற தழும்பு தெரியும், இந்த நோய்ல வழக்கமா இடது கீழறையோட பின்-வெளிப்பக்கச் சுவர்ல. பொம்பளைங்களுக்கு சுவர் தடிக்காமலே தழும்பு விழறது உண்டு, அதனாலதான் உங்க எக்கோ ரிப்போர்ட்டை வச்சு நான் நிம்மதியாகல. தழும்பு இருந்தா அந்த மயக்கத்தை நாங்க பாக்கற விதமே மாறும். ஃபாப்ரி, டி1 மேப்பிங் வேணும்னு சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க, எல்லா இடத்துலயும் தானா எடுக்க மாட்டாங்க. அடுத்த தடவையும் அதே மெஷின்லயே எடுங்க, மெஷினுக்கு மெஷின் நம்பர் மாறும்.

ரேடியேஷன் கிடையாது. காப்பர்-டி பிரச்சனை இல்ல, முன்னாடியே சொன்னா போதும். தொடையில இருக்கற சிவப்புப் புள்ளிகளால எந்த ஆபத்தும் இல்ல, விடுங்க. டை கிட்னியைக் கெடுக்கும்னு வீடியோ பாத்து பயந்திருக்கீங்க, கிட்னி ரொம்ப மோசமானவங்களுக்குத்தான் நாங்க யோசிப்போம், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற உங்க கிரியாட்டினின் 0.8, நார்மல்தான். ஆனா கால் எரிச்சலுக்கு மெடிக்கல் ஷாப்ல கேட்டு மாசக்கணக்கா டைக்ளோஃபெனாக்னு வலி மாத்திரை போட்டிருக்கீங்களே, அதுக்கு ஏன் பயம் வரல? கிட்னியைத் தாக்கற நோயை வச்சுக்கிட்டு அந்த மாத்திரையைப் போடவே கூடாது, இன்னைக்கே நிறுத்துங்க, வாராவாரம் போடற நரம்பு ஊசியும் வேணாம். இந்த எரிச்சலுக்குன்னு வேற மாத்திரை இருக்கு, டாக்டர் எழுதட்டும்.

உங்க நிஜமான பயம் அண்ணன்தான்னு புரியுது, 41 வயசுல டயாலிசிஸ், நாளைக்கு நானுமான்னு. பொம்பளைங்க சும்மா கேரியர்தான், நோயைப் பிள்ளைங்களுக்குக் கடத்துவாங்களே தவிர அவங்களுக்கு ஒண்ணும் வராதுன்னு நெட்ல படிச்சது தப்பு, கட்டாயம் அண்ணன் மாதிரியே ஆயிடும்ங்கறதும் தப்பு. உங்களுக்கு ரெண்டு எக்ஸ் குரோமோசோம், ஒண்ணுலதான் கோளாறான ஜீன், எந்த செல்லுல எது வேலை செய்யுதுங்கறதைப் பொறுத்து லேசாவும் போகலாம், கடுமையாவும் போகலாம், அதனால வருஷா வருஷம் இதயத்தையும் கிட்னியையும் பாத்துத்தான் சொல்ல முடியும். சிகிச்சை வேணும்னா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்சைம் ஏத்தறது இருக்கு, சில வகை ஜீன் மாற்றத்துக்கு மாத்திரையே இருக்கு. விலை கொள்ளை விலைதான், மத்திய அரசோட 2021 அரிய நோய் கொள்கையில 50 லட்சம் வரைக்கும் உதவி உண்டு, அதை இப்பவே விசாரிச்சு வைங்க.

பையனுக்கு வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. 9 வயசுல வெயில்ல விளையாடினா வேர்க்கவே இல்ல, கை கால் எரியுதுன்னு அழறான்னு எழுதியிருக்கீங்க, அதை வளர்ற வலின்னு தள்ளி வைக்காதீங்க. ஆம்பளைப் பசங்களுக்கு முதல்ல ஒரு என்சைம் ரத்த டெஸ்ட் போதும், உங்க ஜீன் ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.