பீக்கி பிளைண்டர்ஸ் 1953: காத்திருப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

டாமி ஷெல்பி என்ற தாதாவும் அவர் குடும்பமும் பர்மிங்காமில் வளர்ந்த கதையைச் சொல்லும் பிரிட்டிஷ் டிவி சீரிஸான பீக்கி பிளைண்டர்ஸுக்குத் தொடர்ச்சி உண்டு என்று 2025 அக்டோபர் 2-ஆம் தேதி அறிவித்ததிலிருந்து எனக்கு வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நான் பர்மிங்காமில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவன். அந்த ஊர்ச் சரித்திரத்தைத் தேடித் தேடிப் படிப்பவன். சீரிஸை முதல் எபிசோடிலிருந்து விடாமல் பார்த்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சில பதில்களில் பழைய சீசன்களின் முடிவு வரும், அங்கங்கே எச்சரித்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, இது 7-ஆவது சீசனா, வேற சீரிஸா? எப்போ வரும்?

வேறு சீரிஸ்தான் தம்பி, ஆனால் அதே குடும்பம். எழுதுபவரும் அதே ஸ்டீவன் நைட். இரண்டு சீசனுக்கு ஒரே நேரத்தில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. சீசனுக்கு ஆறு எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பிரிட்டனில் பிபிசி, மற்ற நாடுகளில் நெட்ஃபிளிக்ஸ். கதை நடப்பது 1953-இல்.

தேதி கேட்கிறீர்கள். பழைய கணக்கைப் பாருங்கள்: 2013, 2014, 2016, 2017, 2019, 2022. ஒவ்வொரு சீசனுக்கும் குறைந்தது ஒரு வருஷம் காத்திருந்தோம், கடைசி சீசனுக்கு இரண்டரை வருஷம். இந்தக் குழு அவசரப்பட்டு எதையும் முடித்ததில்லை. அந்தப் பொறுமை ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது என்பதால் எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

கேள்வி: நடுவில் வந்த படத்தைப் பார்க்காமல் நேராக இதற்குப் போகலாமா?

போகாதீர்கள். தி இம்மார்ட்டல் மேன் என்ற அந்தப் படம் 1940-இல், இரண்டாம் உலகப் போருக்கு நடுவில் நடக்கிறது. இயக்கியவர் டாம் ஹார்ப்பர், முதல் சீசனின் கடைசி மூன்று எபிசோடுகளை எடுத்த அதே ஆள். இரண்டு போர்களுக்கு இடையில் ஒரு குடும்பம், பர்மிங்காமில் முதல் விமானத் தாக்குதல் சைரன் ஒலிக்கும்போது கதை முடியும் என்றுதான் நைட் பல வருஷமாகச் சொல்லி வந்தார். 7-ஆவது சீசனாக வந்திருக்க வேண்டியது படமாக மாறியது. அதனால் 36 எபிசோட், அப்புறம் படம், அப்புறம் 1953. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். படத்தின் கதையை நான் இங்கே உடைக்கப் போவதில்லை.

கேள்வி: டாமி ஷெல்பி இல்லாத ஒரு பீக்கி பிளைண்டர்ஸை எதுக்கு சார் பார்க்கணும்?

(6-ஆம் சீசன் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள்.)

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். கோபமாகவே கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. டாமியாக நடித்த கிலியன் மர்ஃபியின் பெயர் புது சீரிஸின் அறிவிப்பில் எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசராக இருக்கிறது. திரையில் யார் முன்னால் நிற்பார்கள் என்பதை வயசுக் கணக்குப் போட்டே ஓரளவு ஊகிக்கலாம்.

முதல் சீசன் 1919. அதில் டாமியின் தங்கை எய்டாவுக்குப் பிறந்த கார்லுக்கு 1953-இல் 33, 34 வயசு இருக்கும். 1924-இல் நடக்கும் மூன்றாம் சீசனில் சின்னக் குழந்தையாக இருந்த டாமியின் மகன் சார்லிக்கு 30 ஒட்டி. ஆறாம் சீசனில் திடீரென்று வந்து நின்ற மூத்த மகன் டியூக், முதல் உலகப் போருக்கு முன்பு உருவான பிள்ளை. அவருக்கு 40 நெருங்கும். டாமி என்றால் அறுபதைத் தாண்டிய கிழவர். ஆக இது மகன்களின் காலம்.

டாமியை டாமி ஆக்கியது முதல் உலகப் போரில் பிரான்சில் தோண்டிய சுரங்கம். போருக்குப் போனவன் திரும்பி வரவில்லை, வேறு ஒருவன்தான் வந்தான் என்பதுதான் ஆறு சீசனுக்கும் அடிநாதம். 1953-இல் முப்பது வயசில் இருக்கும் எல்லா ஆண்களும் அதே மாதிரி இன்னொரு போரைக் கண்டவர்கள். அப்பனுக்கு நடந்தது மகனுக்கும் நடந்திருக்கிறது. இதைவிட நல்ல ஆரம்பம் ஒரு தொடர்ச்சிக்குக் கிடைக்காது. நான் மனப்பூர்வமாகவே காத்திருக்கிறேன்.

கேள்வி: 1953-ஐ ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அந்த வருஷத்தில் அப்படி என்ன?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1940 ஆகஸ்டிலிருந்து 1943 ஏப்ரல் வரை பர்மிங்காமில் குண்டு விழுந்தது. 2,200 பேருக்கு மேல் செத்தார்கள். ஷெல்பிகளின் பேட்டையான ஸ்மால் ஹீத்தில் இருந்த பிஎஸ்ஏ துப்பாக்கித் தொழிற்சாலை மீது 1940 நவம்பர் 19 ராத்திரி குண்டு விழுந்து, நைட் ஷிஃப்டில் இருந்த 53 தொழிலாளர்கள் மாண்டார்கள். முதல் சீசனின் கதையே பிஎஸ்ஏவில் திருடுபோன துப்பாக்கிப் பெட்டிகளில்தான் தொடங்குகிறது, ஞாபகம் இருக்கிறதா? அதே தொழிற்சாலைதான்.

போர் முடிந்தது. வீடில்லை. மிச்சமிருந்த வீடுகளில் பெரும்பகுதி ‘பேக் டு பேக்’ வீடுகள். ஒரு வீட்டின் பின்சுவரே இன்னொரு வீட்டின் பின்சுவர். மாடிக்கு ஓர் அறை என்று மூன்று மாடி. நடுவில் ஒரு முற்றம், அதில் பத்துப் பதினைந்து குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு துணி துவைக்கும் கொட்டகை, வரிசையாகக் கக்கூஸ். நம் ஒண்டுக்குடித்தனத்தைச் செங்கல்லில் மூன்று மாடிக்கு எழுப்பி, பின்பக்கத்து ஜன்னலையும் அடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

1947-இல் கார்ப்பரேஷன் ஐந்து பகுதிகளை மொத்தமாக இடித்துக் கட்டப்போவதாக அறிவித்தது. அதன் பின்னால் இருந்தவர் ஹெர்பர்ட் மான்சோனி. 1935-லிருந்து 1963 வரை நகரின் தலைமைப் பொறியாளர். பழைய கட்டடங்கள் மேல் அவருக்குத் துளியும் பாசம் கிடையாது. ஊரைச் சுற்றி ரிங் ரோடு, உயரமான குடியிருப்புகள், எங்கு பார்த்தாலும் கான்கிரீட். ரிங் ரோடு வேலை தொடங்கியது 1957. அதாவது 1953 என்பது வரைபடம் தயார், இடிப்பு ஆரம்பம், யாருக்கு என்ன கிடைக்கும் என்று முடிவாகும் நேரம். புது சீரிஸின் அறிவிப்பு சொல்வதும் இதைத்தான்: பர்மிங்காமின் மறுகட்டுமானத்தைக் கைப்பற்ற நடக்கும் போட்டி, நடுவில் ஷெல்பி குடும்பம்.

கேள்வி: நான் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கட்டட கான்ட்ராக்டில் கேங்க்ஸ்டர் கதைக்கு அங்கே அவ்வளவு இடம் இருந்ததா?

உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை சார், டெண்டர் இருக்கும் இடத்தில் கதையும் இருக்கும். அந்தக் காலத்துக்கே உரிய ஒன்று சொல்கிறேன். போர்க்காலக் கட்டுப்பாடு போர் முடிந்தும் நீங்கவில்லை. 1954 நவம்பர் வரை பிரிட்டனில் கட்டட வேலைக்கு அரசு லைசென்ஸ் வேண்டும். மரமும் செங்கல்லும் பணம் இருப்பவனுக்குக் கிடைக்காது, காகிதம் இருப்பவனுக்குத்தான். காகிதத்தில் ஒரு கையெழுத்துக்கு என்ன விலை என்று டாமி வளர்த்த பிள்ளைகளுக்குத் தெரியாதா?

நிஜத்திலும் நடந்தது. ஜான் பவுல்சன் என்ற யார்க்‌ஷயர் கட்டட வடிவமைப்பாளர், ஊர் ஊராக அதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் லஞ்சம் கொடுத்தே வேலை பிடித்தவர். 1974-இல் சிறைக்குப் போனார். நியூகாசிலையே மாற்றிக் கட்டுகிறேன் என்ற அரசியல்வாதி டி. டான் ஸ்மித்துக்கும் அதே வருஷம் ஆறு ஆண்டு தண்டனை. அவர்களிடம் துப்பாக்கி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: ரேஸ், பெட்டிங் எல்லாம் இனி இருக்காதா? எனக்கு அதுதான் பிடிக்கும்.

கவலைப்படாதீர்கள். குதிரைப் பந்தயத்துக்குத் தெருவில் பணம் கட்டுவது அப்போதும் சட்டவிரோதம். பெட்டிங் கடைகள் சட்டப்படி திறந்தது 1961 மே மாதம்தான். ஆக 1953-இலும் ஷெல்பிகளின் பழைய தொழிலுக்கு எட்டு வருஷம் ஆயுள் பாக்கி.

இன்னொன்று. 1953 ஜூன் 2-ஆம் தேதி எலிசபெத் ராணிக்கு முடிசூட்டு. நாலே நாளில், ஜூன் 6, எப்சம் டெர்பி குதிரைப் பந்தயம். ராணியின் குதிரை ஆரியோலும் ஓடுகிறது. ஜெயித்தது பின்சா. ஓட்டியவர் கார்டன் ரிச்சர்ட்ஸ், அதற்கு முன் 27 தடவை டெர்பியில் ஓடி ஒரு தடவைகூட ஜெயிக்காதவர். ராணியின் குதிரை இரண்டாவது. பின்சாவின் சொந்தக்காரர் விக்டர் சாசூன், பம்பாயில் பஞ்சாலை நடத்திய குடும்பத்து ஆள். இரண்டாம் சீசனின் உச்சக்கட்டமே எப்சம் மைதானத்தில்தான். இந்த டெர்பியை ஸ்டீவன் நைட் விட்டுவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

கேள்வி: தொப்பியில் பிளேடு வைத்துத் தைத்தது உண்மையா அண்ணா? ஃபிரெண்ட்ஸோட பந்தயம் கட்டியிருக்கேன்.

பந்தயத்தில் யார் பக்கம் என்று சொல்லவில்லையே. உண்மையில்லை. நிஜமான பீக்கி பிளைண்டர்ஸ் 1890-களின் ஆட்கள். மாற்றிப் போடும் ஜில்லெட் பிளேடு விற்பனைக்கு வந்ததே 1903-இல். பீக் என்றால் தொப்பியின் முன்விளிம்பு; பிளைண்டர் என்பது ஆள் அசத்தலாக இருக்கிறான் என்பதற்கான அந்தக் கால வழக்கு.

அந்தப் பெயர் பத்திரிகையில் வந்தது 1890 மார்ச் மாதம். ஆடர்லி தெரு ரெயின்போ பப்பில் ஒருவர் ஜிஞ்சர் பியர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார், சாராயம் தொடாதவர். அதைக் கேலி செய்து, வெளியே துரத்திப் போய் மண்டை உடைய அடித்தார்கள். நிஜ கேங் இப்படித்தான்: பட்டு சூட்டும் இல்லை, பெரிய திட்டமும் இல்லை, தெருவில் போகிறவனை பெல்ட் பக்கிளால் அடிப்பவர்கள். முதல் சீசனில் டாமி 1919-இலேயே சுட்டுக் கொல்லும் பில்லி கிம்பர் நிஜ மனிதர். அவர் 1945 வரை உயிரோடு இருந்தார்.

கேள்வி: அப்படியானால் ஸ்டீவன் நைட் எல்லாவற்றையும் கற்பனையில் எழுதினாரா?

இல்லை. அவர் அப்பா சிறுவனாக இருந்தபோது, வீட்டில் ஒரு சீட்டை மடித்துக் கொடுத்து, மாமன்மாரிடம் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். பையன் போய்க் கதவைத் தட்டுகிறான். உள்ளே ஒரே புகை. மேசையைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர், அப்பழுக்கில்லாத உடுப்பு, தொப்பி, பாக்கெட்டில் துப்பாக்கி. மேசை நிறையக் காசு குவிந்து கிடக்கிறது. ஆனால் அவர்கள் குடிப்பது ஜாம் பாட்டிலில். உடுப்புக்குச் செலவழிப்பார்கள், கிளாஸ் வாங்க மாட்டார்கள். நைட் பல பேட்டிகளில் சொன்ன சம்பவம் இது. அவர் அம்மா சின்னப் பெண்ணாக இருக்கையில் துணிக்கூடையில் மறைத்துப் பந்தயச் சீட்டு கொண்டு போனவர். ஒன்பது வயசுப் பையன் கதவிடுக்கில் பார்த்த அந்த அறைதான் மொத்த சீரிஸும். அதனால்தான் எல்லோரும் அவ்வளவு உயரமாக, அவ்வளவு அழகாகத் தெரிகிறார்கள்.

கேள்வி: பாலி அத்தை இல்லாத வீட்டைப் பார்க்கவே மனசு வரலை.

எனக்கும்தான் அம்மா. பாலியாக நடித்த ஹெலன் மெக்ரோரி 2021 ஏப்ரல் 16-ஆம் தேதி, 52 வயசில் புற்றுநோயால் போய்விட்டார். ஆறாம் சீசனின் முதல் எபிசோடில் ஜிப்சி வண்டியில் பாலியை வைத்து எரிக்கும் காட்சியில் அழுதது கதாபாத்திரங்கள் மட்டுமில்லை. அவர் இடத்தை யாரும் நிரப்ப முயலக் கூடாது என்பது என் வேண்டுதல்.

கேள்வி: மகன் பர்மிங்காமில் படிக்கிறான், அங்கே போகிறோம். பார்க்க என்ன இருக்கிறது?

டட்லியில் பிளாக் கன்ட்ரி மியூசியம். சீரிஸில் வரும் சார்லி ஸ்ட்ராங்கின் கால்வாயோர யார்டு அங்கேதான் எடுத்தது. ஊருக்குள் ஹர்ஸ்ட் தெருவில் கடைசியாக மிஞ்சிய பேக் டு பேக் முற்றத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பழைய சீசன்களில் பெரும்பகுதி லிவர்பூலிலும் யார்க்‌ஷயரிலும் எடுத்தது. புது சீரிஸைத்தான் டிக்பெத்தில், பர்மிங்காமின் நடுவிலேயே, ஸ்டூடியோ போட்டு எடுக்கிறார்கள்.

பஸ் பிடித்து ஸ்மால் ஹீத்துக்கும் ஒரு தடவை போய் வாருங்கள். கவென்ட்ரி ரோடு முழுக்க இப்போது பாகிஸ்தானி ஸ்வீட் கடை, துணிக்கடை, இறைச்சிக்கடை. ஒரு மாலை நான் வாட்டரி லேனைத் தேடிப் போனேன். ஷெல்பிகளின் வீடும் பெட்டிங் கடையும் இருக்கும் தெரு அதுதானே. பெயர்ப்பலகை இருந்தது, ‘வாட்டரி லேன் மிடில்வே’ என்று. தெரு இல்லை. இரண்டு பக்கமும் லாரி பறக்கும் ரிங் ரோடு. நடைபாதையில் கால்மணி நேரம் நின்றேன், சாலையைக் கடக்கக்கூட முடியவில்லை. 1953-இல் ஷெல்பிகள் எந்த கான்ட்ராக்டுக்காகச் சண்டை போடப்போகிறார்களோ, அந்த வேலை முடியும்போது அவர்கள் பிறந்த தெருவே இருக்காது. கதையில் அது அவர்களுக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் நான் காத்திருக்கிறேன்.

கேள்வி: பத்தாவது படிக்கிற பையனோட சேர்ந்து பார்க்கலாமா? ஆங்கிலமும் சரியாப் புரியலை.

பையனோடு வேண்டாம், இரண்டு வருஷம் போகட்டும். ரத்தமும் போதைப்பொருளும் படுக்கையறையும் மட்டுமில்லை, தற்கொலை எண்ணம் பல எபிசோடில் வருகிறது. ஆங்கிலம் பர்மிங்காம் வழக்கு, அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எனக்கே காதில் ஏறவில்லை. சப்டைட்டிலை ஆங்கிலத்திலேயே போடுங்கள். முதல் சீசன் முடிவதற்குள் பழகிவிடும்.