எலக்ட்ரான் எந்த வழியாகப் போனது? பட்டைகள் ஏன் அழிகின்றன? சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, ஒரு தடுப்பில் அருகருகே உள்ள இரண்டு பிளவுகள் வழியாக அனுப்பிப் பார்க்கும் இரட்டைப் பிளவுச் சோதனையில் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும், இரண்டு அலைகள் கலந்தால் வருவது போன்ற குறுக்கீட்டுப் பட்டைகள் திரையில் வருமாமே. ஒன்றோடொன்று மோதாமல் அது எப்படி?

பதில்: மோதலுக்கு இதில் வேலையே இல்லை. 1989-இல் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் தோனோமுரா குழுவினர் இதைப் படமெடுத்தே காட்டினார்கள். அவர்கள் இரண்டு பிளவுகளுக்குப் பதிலாக, எலக்ட்ரான் அலையை இரண்டாகப் பிரிக்கும் ஒரு மெல்லிய மின்னிழையை வைத்தார்கள். கருவிக்குள் ஒரே நேரத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் இருப்பதே அபூர்வம் என்னும் அளவுக்குக் கற்றையைக் குறைத்தார்கள். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு பட்டைகள் எழுந்தன. ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரே புள்ளியில்தான் விழுகிறது. எங்கே விழ வாய்ப்பு அதிகம் என்பதை இரண்டு வழிகளும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

கேள்வி: நாம் பார்த்தால் பட்டைகள் மறைந்துவிடும் என்கிறார்கள். நாம் பார்ப்பது எலக்ட்ரானுக்கு எப்படித் தெரியும்?

பதில்: அதற்கு எதுவும் தெரிய வேண்டாம், யாரும் பார்க்கவும் வேண்டாம். மனிதக் கண்ணை இதற்குள் இழுப்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. எந்த வழியில் போனது என்ற தடயம் வெளியே ஒரு காற்று மூலக்கூறிலோ ஒரு ஃபோட்டானிலோ (ஒளித்துகளிலோ) பதிந்துவிட்டால் போதும், பட்டைகள் மங்கிவிடும். இரண்டு வழிகளின் அலைகளும் சேர்ந்து பட்டைகளைத் தரும் தன்மைதான் ஒத்திசைவு. இந்த ஒத்திசைவு இழப்புக்குத்தான் டிகோஹியரன்ஸ் என்று பெயர்.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது வியன்னாவில் சி70 மூலக்கூறுகளை வைத்துச் செய்த சோதனைகளை. 70 கார்பன் அணுக்கள் சேர்ந்த கூண்டு அது. அவ்வளவு பெரிய பொருளும் பட்டைகளைத் தருகிறது. 2003-இல் வெற்றிடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விட்டார்கள். அழுத்தம் ஏற ஏறப் பட்டைகள் மங்கின. மறு ஆண்டு, மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கினார்கள். சூடான பொருள் தானே ஒளியை உமிழும் அல்லவா? 1000 முதல் 3000 கெல்வின் வரையிலான வெப்பநிலைகளில் பட்டைகள் படிப்படியாக அழிந்தன. வெப்பம் குறைவாக இருந்தபோது வெளியேறிய ஃபோட்டான்கள் சொற்பம், அவற்றின் அலைநீளமும் அதிகம். அருகருகே உள்ள பாதைகளை அவற்றால் பிரித்துக் காட்ட முடியாது. சூடு ஏறியதும் ஃபோட்டான்கள் பெருகின, அலைநீளமும் குறைந்தது. அங்கே எவரும் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மூலக்கூறே தன் இருப்பிடத்தை வெளியே சொல்லிவிட்டது.

கேள்வி: சார், ஃபோட்டான் கொடுக்கும் உதையால் எல்லாம் கலைந்துபோகிறது என்று சொன்னால் போதாதா?

பதில்: உதை இருப்பது உண்மை. ஆனால் 1995-இல் எம்.ஐ.டி.யில் சோடியம் அணுக்களை வைத்துச் செய்த சோதனையைப் பாருங்கள். இரண்டு பாதைகளாகப் பிரிந்த அணு ஒவ்வொன்றும் ஒரு ஃபோட்டானைச் சிதறடிக்கும்படி செய்தார்கள். பாதைகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தபோது பட்டைகள் தப்பின. அலைநீளத்தில் பாதியை நெருங்கியபோது அழிந்தன. இரண்டு நிலையிலும் உதை ஒன்றுதான்! அப்புறம், ஃபோட்டான் ஒரு குறுகிய திசை வரம்புக்குள் போன அணுக்களை மட்டும் தேர்ந்தெடுத்தபோது பட்டைகள் திரும்பி வந்தன. அதாவது ஒத்திசைவு நசுங்கிப் போகவில்லை. அணுவும் ஃபோட்டானும் சேர்ந்த கூட்டு நிலைக்குள் அது இருந்தது.

கேள்வி: டொரன்டோ சோதனையில் துகளின் பாதையையே வரைந்துவிட்டதாகப் படித்தேன். அப்படியானால் துகளுக்குத் திட்டமான பாதை உண்டு என்று இயற்பியலாளர் போம் சொன்னது நிரூபணமாகிவிட்டதா?

பதில்: இல்லை. போம் 1952-இல் முன்வைத்த கோட்பாட்டில் அலை இரண்டு பிளவுகள் வழியாகவும் போகும், துகள் ஒன்றின் வழியாக மட்டுமே போகும். பிலிப்பிடிஸ், டியூட்னி, ஹைலி மூவரும் 1979-இல் அந்தப் பாதைகளைக் கணக்கிட்டு வரைந்தார்கள். மேல் பிளவில் நுழைந்த பாதை நடுக்கோட்டைத் தாண்டவே தாண்டாது. 2011-இல் டொரன்டோவில் ஸ்டைன்பெர்க் குழு ஃபோட்டான்களை மிக மென்மையாக அளந்து, ஏராளமான ஃபோட்டான்களின் சராசரியிலிருந்து அதே வடிவக் கோடுகளைப் பெற்றது. அழகான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அவை சராசரி ஓட்டத்தின் கோடுகள். தனி ஃபோட்டான் ஒன்று அந்தக் கோட்டில்தான் போனது என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. வழக்கமான குவாண்டம் இயக்கவியலிலும் அதே சராசரிதான் கிடைக்கும்.

கேள்வி: டிகோஹியரன்ஸ் வந்தபின், அளக்கும்போது ஒரே ஒரு முடிவு மட்டும் கிடைப்பது ஏன் என்ற அளவீட்டுச் சிக்கல் தீர்ந்ததுதானே?

பதில்: தீரவில்லை. பட்டைகள் ஏன் காணவில்லை என்பதற்கு விடை கிடைக்கிறது. பல முடிவுகளில் இந்த ஒன்று மட்டும் ஏன் நடந்தது என்பதற்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: நான் கல்லூரி முதலாண்டு மாணவி. இதைக் கணக்காகப் புரிந்துகொள்ள எங்கே தொடங்கலாம்?

பதில்: இரண்டு கலப்பெண்களில் தொடங்கும்மா. ஒரு வழிக்கு ஓர் எண், மற்றதற்கு இன்னொன்று. இரண்டையும் கூட்டி, அதன் அளவை வர்க்கப்படுத்து. தனித்தனி வர்க்கங்களோடு ஒரு குறுக்கு உறுப்பும் வரும். பட்டைகள் முழுவதும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. இனி சுற்றுப்புறத்தைச் சேர்த்துக்கொள். ஒவ்வொரு வழியும் அதை ஒரு நிலையில் விட்டுச் செல்கிறது. அந்த இரண்டு நிலைகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைச் சொல்லும் எண்தான் அவற்றின் உட்பெருக்கம். குறுக்கு உறுப்பை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். அதன் அளவு 1 என்றால் தடயமே இல்லை, பட்டைகள் முழுத் தெளிவு. 0 என்றால் பட்டைகள் இல்லை. 0.3 என்றால் என்ன ஆகும் என்று வரைபடம் போட்டுப் பார், சி70 சோதனையில் என்ன நடந்தது என்பது கண்ணுக்கே தெரியும்.