கையில் ஒரு கிராம் சேர்மம்: வாய்வழி உடனடி நச்சுத்தன்மையை எப்படிக் கணிப்பது?

கேள்வி: எம்.ஃபார்ம் மருந்தியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியின் மருந்து வேதியியல் துறையில் புதிதாகத் தயாரித்த 1,3,4-ஆக்சாடயசோல் சேர்மம் ஒரு கிராம் என்னிடம் இருக்கிறது. சுண்டெலிகளில் அசிட்டிக் அமில ரைத்திங் முறையில் (அமிலத்தால் வயிறு வலித்து எத்தனை முறை நெளிகின்றன என்று எண்ணும் சோதனை) அதன் வலிநிவாரணத் திறனைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் எல்டி50 (கொடுத்த விலங்குகளில் பாதியைக் கொல்லும் டோஸ்) கண்டுபிடித்து, அதில் பத்தில் ஒரு பங்கை டோஸாக வைத்துக்கொள் என்கிறார் வழிகாட்டி. எத்தனை விலங்குகள் தேவை? எந்த டோஸிலிருந்து தொடங்குவது?

பதில்: உங்களுக்கு எல்டி50 எண் தேவையில்லை. அந்தச் சேர்மம் எந்த நச்சு வகுப்பில் விழுகிறது என்று தெரிந்தால் போதும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டால் விலங்கு, சேர்மம், நாள் மூன்றுமே மிச்சம்.

எல்டி50 என்ற கணக்கை 1927இல் மருந்தியலாளர் டிரெவன் முன்வைத்தார். இதய மருந்தான டிஜிட்டாலிஸ் போல, தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறும் மருந்துகளைத் தரப்படுத்தப் பிறந்த கணக்கு அது. பின்னாளில் எல்லா வேதிப்பொருளுக்கும் அதைப் போட்டார்கள். மில்லர்–டெயின்ட்டர், லிட்ச்ஃபீல்டு–வில்காக்ஸன் என்று பழைய ஆய்வேடுகளில் பார்க்கும் வரைபட முறைகளெல்லாம் 1940களைச் சேர்ந்தவை. அந்த வழியில் போனால் ஐந்தாறு டோஸ்களில் பத்துப் பத்து விலங்குகளைச் சாகவிட வேண்டும். அவ்வளவு செய்தும் கிடைக்கும் எண், இனம், பாலினம், பட்டினி நேரம், அறை வெப்பம் மாறினால் கூடவே மாறிவிடும். இந்த மரபில் வந்த ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு) 401ஆம் வழிகாட்டு நெறியை 2002 டிசம்பரிலேயே நீக்கிவிட்டார்கள். இன்று நடப்பில் உள்ளவை மூன்று: 420, 423, 425. உங்கள் நிலைக்குப் பொருந்துவது 423, அதாவது அக்யூட் டாக்ஸிக் கிளாஸ் முறை. எண்தான் வேண்டும் என்று வழிகாட்டி உறுதியாக நின்றால் 425 இருக்கிறது. அதில் ஒரு நேரத்தில் ஒரு விலங்கு, 175 மி.கி./கிலோவில் தொடங்கி 3.2 மடங்கு ஏற்றியோ இறக்கியோ போகவேண்டும். ஒவ்வொரு விலங்குக்கும் நடுவே 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். சாவு ஐந்து நாள் தள்ளி வரக்கூடிய சேர்மங்களுக்கு அது ஒத்துவராது.

423இல் ஒரு படிக்கு மூன்று விலங்குகள். நிலையான டோஸ்கள் 5, 50, 300, 2000 மி.கி./கிலோ. சேர்மத்தைப் பற்றி எதுவும் தெரியாவிட்டால் 300இல் தொடங்குங்கள். மூன்றில் இரண்டோ மூன்றோ இறந்தால் கீழே 50க்கு இறங்குங்கள். ஒன்றும் இறக்கவில்லை, அல்லது ஒன்று மட்டும் இறந்தது என்றால் அதே 300ஐ இன்னொரு மூன்றுக்குக் கொடுங்கள். அதிலும் அப்படியே என்றால் 2000க்கு ஏறி, அங்கும் மூன்று, மறுபடி மூன்று. நெறியின் பின்னிணைப்பில் தொடக்க டோஸ் ஒவ்வொன்றுக்கும் தனிக் கிளைப்படம் இருக்கிறது. உங்களுக்கான படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு அதன்படி நடங்கள். 300இல் தொடங்கி மேலே ஏறினால் அதிகபட்சம் 12 விலங்குகள். ஐஏஇசி (கல்லூரியின் விலங்கு நெறிமுறைக்) குழுவுக்குக் கொடுக்கும் படிவம் பி-யில் 12 என்றும், குழாய் செலுத்துவதில் தவறு நேர்ந்தால் ஈடுகட்ட 3 என்றும் காரணத்தோடு எழுதுங்கள். ஒப்புதல் எண் கைக்கு வரும்முன் ஒரு விலங்கைக்கூடத் தொடக்கூடாது.

இனி உங்கள் ஒரு கிராமுக்கு வருவோம். நெறி விரும்புவது எலியை. 200 கிராம் எலிக்கு 2000 மி.கி./கிலோ என்றால் 400 மி.கி.; ஆறு எலிக்கு 2.4 கிராம். அதோடு 300க்கான 360 மி.கி. சேரும். உங்கள் சேர்மம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். வேறு கொறிணியைப் பயன்படுத்தவும் நெறி இடம் தருகிறது, காரணம் சொன்னால் போதும். உங்கள் காரணம் வலுவானது: வலிநிவாரண ஆய்வும் சுண்டெலியில்தான் நடக்கப்போகிறது. 25 கிராம் சுண்டெலிக்கு 2000இல் 50 மி.கி., 300இல் 7.5 மி.கி. கிலோவுக்கு 10 மி.லி. என்ற அளவில் கொடுத்தால் ஒரு சுண்டெலிக்கு 0.25 மி.லி. மூன்றுக்கு 0.75 மி.லி. போதும் என்றாலும் சிரிஞ்சிலும் குழாயிலும் தங்குவதற்கும் சேர்த்து 1.2 மி.லி. கலக்குங்கள். செறிவு 2000க்கு 200 மி.கி./மி.லி., 300க்கு 30 மி.கி./மி.லி. இரண்டு டோஸையும் இரண்டு முறை கலக்க 480ம் 72ம் சேர்த்து 552 மி.கி. ஆகும். பாதிக்குச் சற்றே குறைவாக மிஞ்சும்.

கலப்பதற்கு முன் சேர்மத்தின் தூய்மையைப் பாருங்கள். இந்த ஒரு இடத்தில் விட்டால் பிறகு செய்வதெல்லாம் வீண். ஆக்சாடயசோல் வளையத்தை மூட நம் ஆய்வகங்களில் பெரும்பாலும் பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடைத்தான் பயன்படுத்துகிறார்கள். சரியாக நடுநிலையாக்கிக் கழுவாவிட்டால் பொடியில் அமிலம் தங்கும். அது இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும்; உடற்கூறாய்வில் அந்தச் சிவப்பைப் பார்த்து, சேர்மம் இரைப்பையைத் தாக்குகிறது என்று எழுதிவிடுவீர்கள். தொங்கலின் (பொடி கரையாமல் மிதக்கும் கலவையின்) பிஎச்சைத் தாளால் அல்ல, மீட்டரால் அளவிடுங்கள். பைரிடின், டிஎம்எஃப் போன்ற கரைப்பான் எச்சங்கள் போக வெற்றிடத்தில் எடை நிலைக்கும்வரை உலர்த்துங்கள். எச்பிஎல்சி (திரவ நிறப்பகுப்பு) காட்டும் தூய்மை 95 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மறுபடி படிகமாக்குங்கள். சேர்மம் ஹைட்ரோகுளோரைடு உப்பாக இருந்தால், டோஸ் உப்பின் எடையிலா, காரத்தின் எடையிலா என்பதை முதல் நாளே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

தொடக்க டோஸை விலங்கைத் தொடாமலேயே ஓரளவு ஊகிக்கலாம். ஒத்த அமைப்புள்ள சேர்மங்களின் தரவு, புரோடாக்ஸ் போன்ற இணையக் கணிப்பு இரண்டையும் பாருங்கள். செல் வளர்ப்பு வசதி இருந்தால் 3டி3 நியூட்ரல் ரெட் சோதனை (சுண்டெலி செல்களில் எத்தனை உயிரோடு உள்ளன என்று சாயத்தால் பார்ப்பது) இன்னும் நல்லது. அதில் வரும் ஐசி50 (பாதி விளைவைத் தரும் செறிவு, மைக்ரோகிராம்/மி.லி.) மதிப்பின் மடக்கையை 0.372ஆல் பெருக்கி 2.024ஐக் கூட்டினால், மி.கி./கிலோவில் எல்டி50இன் மடக்கை வரும். ஐசி50 மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் என்றால் கணிப்பு ஏறக்குறைய 586. அதற்குக் கீழே உள்ள நிலையான டோஸ் 300, ஆகவே அங்கே தொடங்கலாம். கணிப்பு 120 என்று வந்தால் 50இல் தொடங்குங்கள். இந்தக் கணக்கு தொடக்க டோஸுக்கு மட்டும்தான். இதை வைத்து வகுப்பைச் சொல்லக் கூடாது.

விலங்குகள் 8 முதல் 12 வார வயதுள்ள, ஈனாத, சினையில்லாத பெண் சுண்டெலிகளாக இருக்கட்டும். இரு பாலுக்கும் வித்தியாசம் தெரியும் இடங்களில் பெண்ணே சற்று எளிதில் பாதிக்கப்படுகிறது என்பதால்தான் பெண். எடை சராசரியிலிருந்து 20 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். குறைந்தது ஐந்து நாள் கூண்டுக்குப் பழகட்டும். அறை 22 டிகிரி, மூன்று கூடலாம் குறையலாம். நம் ஊர் மே மாதத்தில் ஏசி நின்றுபோனால் அன்றைய தரவு கேள்விக்குரியதுதான்: ஆம்ஃபெட்டமின் போன்ற சேர்மங்களில் வெப்பமும் கூண்டு நெரிசலும் மட்டுமே சாவைக் கூட்டும் என்பது நன்கு தெரிந்த உண்மை. ஆகவே வெப்பநிலையை நாள்தோறும் குறியுங்கள்.

பட்டினியில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். இரவு முழுதும் என்பது எலிக்கு. சுண்டெலிக்கு 3 முதல் 4 மணி நேரம்தான். இரவெல்லாம் பட்டினி போட்டால் அதன் எடையும் உடல் வெப்பமும் கல்லீரல் கிளைக்கோஜனும் இறங்கிவிடும். மறுநாள் நீங்கள் பார்க்கும் சோர்வு சேர்மத்தால் வந்ததா, பசியால் வந்ததா என்று பிரிக்க முடியாது. தண்ணீரை எப்போதும் நிறுத்தாதீர்கள். பட்டினிக்குப் பிறகு எடை போட்டு, அந்த எடைக்கே டோஸைக் கணக்கிடுங்கள். கொடுத்தபின் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் கழித்துத் தீனி வையுங்கள்.

சேர்மத்தைக் கலக்கும் ஊடகமாக 0.5 விழுக்காடு சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) கரைசல் போதும். அது சரிவராவிட்டால் சோள எண்ணெய். டிஎம்எஸ்ஓ கரைப்பானை நிறைய ஊற்றிக் கரைக்காதீர்கள், அதற்கே தனி விளைவுகள் உண்டு. ட்வீன் 80 கூடினால் பேதியாகும். கல்வத்தில் நன்றாக அரைத்து, சல்லடையில் சலித்து, சில சொட்டு ஊடகத்தில் பசையாக்கியபின் மீதியை ஊற்றுங்கள். 200 மி.கி./மி.லி. என்பது கிட்டத்தட்டத் தோசை மாவுப் பதம். நொடியில் அடியில் தங்கும். ஒவ்வொரு சுண்டெலிக்கும் சிரிஞ்சில் இழுப்பதற்கு முன் வோர்டெக்ஸ் கருவியில் சுழற்றிக் கலக்காவிட்டால் முதல் விலங்குக்கு வெறும் ஊடகமும் கடைசி விலங்குக்கு இரட்டை டோஸும் போகும். குழாயில் அடைத்தால், நீர் ஊடகத்துக்கு 100 கிராமுக்கு 2 மி.லி. வரை போகலாம் என்று நெறி சொல்வதைப் பயன்படுத்திச் செறிவைப் பாதியாக்குங்கள்.

கொடுப்பதற்கு 20 கேஜ், ஒன்றரை அங்குல, நுனி உருண்ட கேவேஜ் ஊசி (வாய்வழியே நேராக இரைப்பைக்குள் செலுத்தும் குழாய்). வாயிலிருந்து கடைசி விலா எலும்புவரை வெளியே வைத்து அளந்து குறியிடுங்கள். கழுத்துத் தோலை இறுகப் பிடித்துத் தலையை நேராக நிமிர்த்தினால், ஊசி தன் எடையிலேயே இறங்கவேண்டும். தடை தென்பட்டால் தள்ளாதீர்கள். எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். இருமல், மூக்கில் நுரை, ஓரிரு நிமிடத்தில் சாவு என்றால் பொடி மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது. உடனே திறந்து பாருங்கள்: மூச்சுக்குழாயில் வெள்ளைத் தொங்கல் இருக்கும். உணவுக்குழாய் கிழிந்திருந்தால் நெஞ்சறையில் நீர் இருக்கும். இப்படி இறந்ததைச் சேர்மத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது, மறைக்கவும் கூடாது. காரணத்தை எழுதி, வேறு விலங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கை பழகாதவர் முதல் நாளே சேர்மத்தோடு தொடங்கக் கூடாது. தேர்ந்தவர் பக்கத்தில் இருக்க வெறும் ஊடகத்தில் பழகிய பிறகே இதற்கு வரவேண்டும். விலங்குக்கு நாம் பட்டிருக்கும் குறைந்தபட்சக் கடன் அது.

முதல் 30 நிமிடத்தில் ஒரு முறையாவது, முதல் நான்கு மணி நேரம் கூர்ந்து, பிறகு 24 மணி நேரம் வரை அவ்வப்போது, அதன்பின் நாள்தோறும் என்று 14 நாட்கள் கவனிக்க வேண்டும். உரோமம், கண், மூச்சு, உமிழ்நீர், பேதி, நடுக்கம், வலிப்பு, மந்தம், மயக்கம் எல்லாவற்றுக்கும் தொடங்கிய நேரமும் நீங்கிய நேரமும் வேண்டும். 'இயல்பாக இருந்தது' என்ற ஒரே வரியை 14 நாளும் நகலெடுக்கும் வழக்கம் இந்தச் சோதனையையே கெடுக்கிறது. கழிவில் வெள்ளைத் துகள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சேர்மம் உறிஞ்சப்படாமல் கடந்து போயிருக்கலாம். அப்போது 'சாகவில்லை' என்பதற்குப் பொருளே வேறு. எடையை 0, 7, 14ஆம் நாட்களில் எடுங்கள். சாகும் தறுவாயில் கடும் வேதனையில் இருக்கும் விலங்கை, அதுவாகச் சாகட்டும் என்று விடக் கூடாது. வலியின்றி முடித்துவிட்டு இறப்புக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று நெறியே சொல்கிறது. முந்தைய மூன்றும் பிழைக்கும் என்று உறுதியாகும்வரை அடுத்த படியைத் தொடாதீர்கள். மூன்றாம் நாள் சாவு வந்தால் அவசரப்பட்ட படி வீணாகிவிடும்.

முடிவை எழுதும்போது கவனம் வேண்டும். 2000இல் ஆறும் பிழைத்தால் 'எல்டி50 2000 மி.கி./கிலோவுக்கு மேல்' என்று எழுதவேண்டும். 'எல்டி50 = 2000' என்பது பிழை. பிழை என்றபின் அதில் பத்தில் ஒரு பங்கு என்று 200ஐ எடுப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. ஜிஎச்எஸ் (வேதிப்பொருள்களை வகைப்படுத்தும் உலகளாவிய ஒருங்கிணைந்த முறை) வகுப்புகள் 5, 50, 300, 2000, 5000 என்ற எல்லைகளில் பிரிகின்றன. உங்கள் முடிவு அவற்றில் ஒன்றில் அமரும், அவ்வளவே. 'பாதுகாப்பானது' என்ற சொல்லும் வேண்டாம். மெத்தனாலின் எலி எல்டி50 ஏறக்குறைய 5600 மி.கி./கிலோ. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஐந்தாம் வகுப்பிலும் அது வராது. ஆனால் எலி ஃபார்மிக் அமிலத்தை வேகமாக அழித்துவிடுகிறது, மனிதர்களால் முடிவதில்லை. மரக்காணத்தில் 2023இலும் கள்ளக்குறிச்சியில் 2024இலும் மெத்தனால் என்ன செய்தது என்று நாம் பார்த்தோம். ஐரோப்பாவில் மெத்தனாலை மனிதர்களின் அனுபவத்தை வைத்து மூன்றாம் வகுப்பில்தான் வைத்திருக்கிறார்கள்.

வலிநிவாரண டோஸை எப்படித் தேர்வது? 300இல் ஆறும் அறிகுறியின்றி இருந்தால், உங்கள் ஆய்வுக்கு அதுவே போதுமான இடைவெளி. வகுப்பு எண் ஆய்வேட்டில் கட்டாயம் இல்லையென்றால் 2000க்குப் போகவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஆறு சுண்டெலியும் 480 மி.கி. சேர்மமும் மிஞ்சும். ரைத்திங் ஆய்வுக்கு 10, 30, 100 மி.கி./கிலோ என்று மூன்று டோஸ் வையுங்கள். ஒரு சுண்டெலிக்கு முறையே 0.25, 0.75, 2.5 மி.கி.; டோஸுக்கு ஆறு என்றால் மொத்தம் 21 மி.கி., வீணாவதையும் சேர்த்து 40. ஒரு 50 மி.கி.யை அதே தொகுதி எண்ணோடு உலர்த்தியில் மூடி வையுங்கள். தேர்வாளர் தூய்மையைக் கேட்டால் அதிலிருந்துதான் மறுபடி எச்பிஎல்சி ஓட்டவேண்டியிருக்கும்.