முதுகெலும்பில் சிமெண்ட் ஊசி: கசியாமல் இருக்க என்ன செய்வார்கள்?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. குளியலறையில் வழுக்கி உட்கார்ந்ததில் எல்1 எலும்பு (இடுப்புப் பகுதி முதுகெலும்பில் முதலாவது) நசுங்கிவிட்டது. மூன்று வாரமாகப் படுக்கைதான், புரண்டு படுக்கவே அலறுகிறார். நசுங்கிய எலும்புக்குள் ஊசி வழியாக எலும்பு சிமெண்ட் செலுத்தும் ‘சிமெண்ட் ஊசி’ போடலாம் என்கிறார் டாக்டர். கையெழுத்து வாங்கிய படிவத்தில் ‘சிமெண்ட் வெளியே கசியலாம்’ என்று இருந்தது. அதிலிருந்து தூக்கமே இல்லை. கசியாமல் தடுக்க வழி உண்டா? நாங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: கசிவே இருக்காது என்று உங்களுக்கு யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்துத் தேடினால், கணிசமானவர்களிடம் எலும்புக்கு வெளியே எங்காவது ஒரு துளி தெரியத்தான் செய்யும். அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் வருவதில்லை. எவ்வளவு கசிந்தது என்பதைவிட எங்கே போனது என்பதுதான் முக்கியம். பக்கத்துத் தசையில் நின்றால் கவலை இல்லை. இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டுக்குள் (டிஸ்க்) போனால் அடுத்த எலும்பு முறியும் வாய்ப்பு கூடக்கூடும். தண்டுவடப் பாதைக்கோ நரம்பு வெளியேறும் துளைக்கோ போனால் காலில் வலி, மரத்துப்போதல், அரிதாக பலவீனம் வரும். ரத்தக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போவதும் உண்டு. நாங்கள் பயப்படுவது கடைசி இரண்டுக்குத்தான்.

முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இந்த ஊசி அம்மாவுக்குத் தேவையா? 2009-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. சிமெண்ட் போட்டவர்களுக்கும், போடுவதுபோல் பாவனை மட்டும் செய்தவர்களுக்கும் வலி கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் குறைந்திருந்தது. முறிவு புதிதாக இருந்து, மாத்திரைக்கு அடங்காத வலியில் படுக்கையோடு கிடப்பவர்களுக்குப் பலன் இருக்கிறது என்று பிறகு வந்த வேறொரு ஆய்வு சொன்னது. உங்கள் அம்மா அந்த இரண்டாவது கூட்டத்தில் வருபவர் போலத்தான் தெரிகிறது. ஆனாலும் எம்.ஆர்.ஐ.யில் அந்த எலும்பில் நீர்கோத்திருப்பது தெரிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; முறிவு இன்னும் ஆறவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஆறிப்போன பழைய முறிவில் சிமெண்ட் போட்டுப் பயனில்லை. போடாத சிமெண்ட் கசியவும் கசியாது.

அடுத்தது சி.டி. ஸ்கேன். எலும்பின் பின்சுவர் உடைந்திருக்கிறதா, மேல்தட்டில் விரிசல் இருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ.யைவிட இது தெளிவாகக் காட்டும். சிமெண்ட் எந்த வழியாக வெளியேறப் பார்க்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், ஊசி முனையை அந்த ஓட்டைக்கு எதிர்ப்பக்கமாக வைக்கலாம். ஊசி போகும் பாதையிலும் கவனம் வேண்டும். எலும்பின் பின்பக்கம் இருபுறமும் பெடிக்கிள் என்ற குறுகிய தூண்கள் உண்டு. அதன் வழியாகத்தான் ஊசி உள்ளே போகும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் முனை எலும்பின் பின்சுவரைத் தாண்டும் வரை, நேர் எக்ஸ்ரேயில் அது பெடிக்கிளின் உள்விளிம்பைத் தொடக்கூடாது. உள்சுவர் ஒருமுறை கிழிந்தால் சிமெண்ட் தண்டுவடப் பக்கம் திரும்ப ஒரு வாசல் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

இனி சிமெண்ட்டுக்கு வருவோம். என் கணக்கில் கசிவின் பெரும்பகுதி தீர்மானமாவது இங்கேதான். பொடியும் திரவமும் கலந்த உடனே அது நீர்த்து இருக்கும். அப்போது அழுத்தினால் நேராக ரத்தக்குழாய்க்குள் ஓடிவிடும். ரொம்பத் தாமதித்தால் இறுகி ஊசியில் இறங்காது. நடுவில் சில நிமிடங்கள்தான் கையில் இருக்கும். அதிரசப் பாகுக்குப் பதம் பார்ப்பது மாதிரிதான் இதுவும்: கொஞ்சம் பிதுக்கிப் பார்த்தால் சொட்டாக விழாமல் சுருண்டு தொங்க வேண்டும், கையுறையில் ஒட்டக்கூடாது. ஆபரேஷன் தியேட்டரில் ஏசி சரியாக வேலை செய்யாத நாளில் இந்த நேரம் இன்னும் சுருங்கும். வெப்பத்தில் சீக்கிரம் இறுகும் என்பதால் அவசரப்பட்டு நீர்த்த நிலையிலேயே தள்ளுபவர்கள் உண்டு. அது தப்பு. ஆரம்பத்திலிருந்தே கெட்டியாக இருக்கும் சிமெண்ட்டும் இப்போது கிடைக்கிறது, கசிவு குறைகிறது.

தள்ளும்போது ஒவ்வொரு சிறு அளவுக்கும் பக்கவாட்டில் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் கருவி) படம் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகத்தான் சிமெண்ட்டில் பேரியம் கலந்திருக்கிறது. கோடு மாதிரி எங்காவது ஓட ஆரம்பித்தால் உடனே நிறுத்தி, ஓரிரு நிமிடம் காத்திருப்போம். ஓட்டையில் போய் நின்ற சிமெண்ட்டே இறுகி அதை அடைத்துவிடும். பிறகு ஊசியைக் கொஞ்சம் நகர்த்தியோ திருப்பியோ தொடரலாம். எலும்பின் பின்பக்கத்தில் கடைசி நாலில் ஒரு பங்கை சிமெண்ட் நெருங்கினால், ‘இன்னும் கொஞ்சம் போகுமே’ என்று தோன்றினாலும் கையை எடுத்துவிட வேண்டும்.

இந்த ‘இன்னும் கொஞ்சம்’தான் வில்லன். படத்தில் எலும்பு முழுக்க வெள்ளையாகத் தெரிந்தால் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் வலி கூடுதலாகக் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. எல்1 எலும்புக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 மில்லி போதும். ஊசிக்குழலுக்குள் நிற்கும் சிமெண்ட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உள்கம்பியைத் தள்ளும்போது அதுவும் எலும்புக்குள் போகும்.

பலூன் முறை பற்றியும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பலூனை ஊதி ஒரு குழி உண்டாக்கி, அதில் கெட்டியான சிமெண்ட்டைக் குறைந்த அழுத்தத்தில் நிரப்புவது. கசிவு குறைவுதான், ஆனால் செலவு பல மடங்கு. வலி குறைவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பின்சுவர் நன்றாக இருந்தால் அதற்காகக் கடன் வாங்கச் சொல்லமாட்டேன்.

டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: சி.டி.யில் பின்சுவர் எப்படி இருக்கிறது? மரத்துப்போகும் ஊசியிலேயே செய்ய முடியுமா? விழித்திருந்தால், காலில் சுரீரென்றால் அம்மாவே சொல்லிவிடுவார். ஆனால் அவரால் அரை மணி, முக்கால் மணி நேரம் குப்புறப் படுக்க முடியுமா என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

முடிந்ததும் ஓரிரு மணி நேரம் மல்லாந்து படுத்திருந்தால் போதும், சாயங்காலமே நடக்க வைத்துவிடுவார்கள். கால் பலவீனம், சிறுநீர் கட்டிக்கொள்வது, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்று எது வந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அப்புறம், சிமெண்ட் அந்த ஓர் எலும்புக்குத்தான். வழுக்கி உட்கார்ந்ததற்கே எலும்பு நசுங்கியது என்றால் மற்ற எலும்புகளும் அதே நிலையில்தான் இருக்கும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி அளவு, எலும்பை வலுப்படுத்தும் மருந்து ஆகியவை டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.