யாரும் விசாரிக்காத ஊர்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்த நான், கடந்த சித்திரையில் வேலை நிமித்தம் சென்னைக்கு வந்து சைதாப்பேட்டையில் குடியிருக்கிறேன். தண்ணீர் லாரி வருமுன்பே குடங்கள் வரிசையில் நிற்பதும், மின்சார ரயிலில் தோள் உரச நிற்பவர்கள் ஒரு சொல்லும் பேசாமல் இறங்கிப் போவதும் எனக்குப் புதிது. எதிர்வீட்டுப் பெரியவர் தலையசைப்பதோடு சரி. நம் பக்கம் பேருந்தில் அருகில் உட்காருபவர், இறங்குவதற்குள் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிடுவார். இங்கே என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த நகரத்துக்கும் நம் மண்ணுக்கும் எந்த உறவும் இல்லை என்றே தோன்றுகிறது. கும்பகோணத்தில் குறைந்த சம்பளத்தில் ஒரு வேலை இருக்கிறது. திரும்பிவிடலாமா?

க., சென்னை

அன்புள்ள க.,

யாரும் கேட்பதில்லை என்பதை ஒரு குறையாகவே எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் விசாரிப்பின் அருமையைத் தஞ்சை மண்ணிலேயே வாழ்ந்துவரும் நான் அறிவேன். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் சொல்லாமலே கஞ்சி வந்து சேர்வது அதனால்தான். ஆனால் ‘யார் வீட்டுப் பிள்ளை’ என்பதை அடுத்து ‘எந்தத் தெரு’ என்ற கேள்வி வரும் என்பதை விட்டுவிட்டீர்கள். நம் ஊர்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும். வந்தவரைத் திண்ணையில் உட்காரச் சொல்வதா, வாசலுக்கு வெளியே நிறுத்துவதா என்பதை அந்தப் பதில்தான் தீர்மானித்தது. டீக்கடைகளில் தனிக்குவளை இருந்ததும், 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரிந்து மடிந்ததும், ஒவ்வொருவரையும் தெருவால் அறிந்துவைத்திருந்த இதே மண்ணில்தான்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடிவரும் அந்த மின்சார ரயிலில், எந்தத் தெரு என்று கேட்காமலே ஒருவர் மற்றவருக்கு நகர்ந்து இடம் கொடுக்கிறார். இதைச் சிறிய காரியமாக என்னால் எண்ண முடியவில்லை. இங்குள்ள சேரிகளிலிருந்து பிழைப்புக்காகச் சென்னை சென்றவர்களுக்கு அந்த மௌனம் எத்தனை பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை அவர்கள் சொல்லியே கேட்டிருக்கிறேன். நகரம் சாதியைக் கடந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. வீடு வாடகைக்குத் தேடும்போது அதே கேள்வி ‘சைவமா, அசைவமா’ என்ற உருவில் வந்து நிற்கிறது. உங்களுக்கு வீடு எளிதாகக் கிடைத்திருந்தால், அது ஏன் என்றும் யோசியுங்கள்.

விசாரிக்காதவர்கள் உதவமாட்டார்கள் என்பதும் உண்மையல்ல. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை மீறி, நீங்கள் இப்போது குடியிருக்கும் சைதாப்பேட்டை உட்பட நகரின் பல பகுதிகளுக்குள் புகுந்தபோது, கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளோடு வந்து, பெயரும் ஊரும் அறியாத மனிதர்களை மாடிகளிலிருந்து இறக்கிக் கரை சேர்த்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்குத் தங்கள் வீட்டைத் திறந்துவிட்டவர்களும் பலர். உங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் அந்நாளில் அங்கிருந்திருந்தால் சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கும். அவர் உங்களை விசாரிக்கவில்லை என்கிறீர்கள். நீங்களும் அவர் பெயரைக் கேட்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

மண்ணின் உறவைப் பற்றி ஒன்று. கல்லணையில் பிரிந்து உங்கள் ஊர் வழியே வெண்ணாறாகப் போவதும், கொள்ளிடத்தில் அணைக்கரைவரை வந்து வடவாற்றில் திரும்பி வீராணம் ஏரியை நிரப்புவதும் ஒரே காவிரிதான். அந்த ஏரியிலிருந்து 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிநீர் போகிறது; நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது அத்திட்டத்தின் அளவு. அது முழுவதும் கிடைக்காத கோடைகளில், நம் பக்கம் கடைமடைக்கும் பெரும்பாலும் தண்ணீர் எட்டியிருக்காது. உங்கள் தெருவில் குடத்தோடு நிற்கும் பெண்களின் கவலை, நாற்றங்காலுக்குத் தண்ணீர் வருமா என்று காத்திருக்கும் உங்கள் வீட்டாரின் கவலையோடு சேர்ந்ததுதான்.

திரும்புவதைப் பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டாம். ஐப்பசியும் கார்த்திகையும் கழியட்டும். ஒரு மழைக்காலத்தை அந்தத் தெருவில் இருந்து பார்த்தபின் எழுதுங்கள். கும்பகோணத்து வேலை அதுவரை காத்திருக்குமா என்று மட்டும் அவர்களிடம் கேட்டுவையுங்கள்.